அம்மா பார்த்த வரதர்

பம்பாய்
8-7-1979

அன்புள்ள அண்ணனுக்கு, தில்லை எழுதுவது.

நானும் குழந்தையும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? அம்மா தினமும் பாப்பாவைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, தேவாரம் பாடித் தூங்க வைக்கிறாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்று கேட்கிறாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அத்தி வரதரைக் குளத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள் என்று நீ எழுதியதிலிருந்து அம்மாவுக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். அதை ரத்து செய்யச் சொன்னது நான்தான். அவருக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். பச்சைக் குழந்தையோடு தனியாக இருக்க எனக்குப் பயம். பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சுடவில்லை அண்ணா. அம்மா தொட்டுப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "நாப்பது வருஷம் தண்ணியில கெடந்தவரு, எனக்காக நாலு நாள் இருக்கமாட்டாரா?" என்று சொல்லிவிட்டுக் கஷாயம் வைக்கப் போனாள்.

கோபித்துக்கொள்ளாதே.

தில்லை

*

காஞ்சிபுரம்
16-7-1979

அன்புத் தங்கை தில்லையம்மாளுக்கு அண்ணன் மயில்வாகனம் ஆசி சொல்லி எழுதுவது.

கோபமில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முப்பத்தொன்பதில் வரதர் வெளியே வந்த சமயத்தில்தான் நான் பிறந்தேன். பிள்ளை பெற்ற தீட்டோடு அம்மா உள்ளறையில் கிடந்தாள். தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் காதால் கேட்டதோடு சரி. "உன்னாலதான்டா எனக்கு வரதர் போச்சு" என்று என்னைச் சீண்டாத வருஷமில்லை. அப்போது நான், இப்போது உன் பெண். இனி இன்னொரு நாற்பது வருஷத்துக்கு அம்மா எங்கே போவாள்?

ஊர் தாங்காத கூட்டம். இப்போது படுத்த கோலத்தில் இருக்கிறார். ஆடி நடுவில் நிற்க வைப்பார்களாம். ஆடி முடிந்தால் திரும்பவும் குளத்துக்குள் போய்விடுவார். எதிர்வீட்டு அம்சவேணி தினமும் கேட்கிறாள், "உங்கம்மா எப்பப்பா வரும்? கச்சபேசுவரர் கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்க ஆளில்லாம நாங்க திண்டாடிக்கினு இருக்கோம்" என்று.

நானே வந்து அழைத்துவரலாம். தறியில் ஒரு கல்யாணப் புடவை நிற்கிறது, முதலாளி தேதி வைத்துவிட்டார். எப்படியாவது மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பி வை.

மயில்வாகனம்

*

பம்பாய்
12-8-1979

அன்புள்ள அண்ணா,

நாலு நாள் நாலு வாரமாகிவிட்டது. வாரத்துக்கு ஒன்றாக நான் ஏதோ சொன்னேன், அம்மாவும் சரி என்றாள். இப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்த குடும்பத்தோடு ரயிலேற்றி விடுகிறோம். வரதர் வெளியே இருக்கிற கடைசி நாள் காலையில் அரக்கோணத்தில் இறங்குவாள். அங்கிருந்து நேராகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு என்றெல்லாம் நிற்காதே.

தில்லை

*

காஞ்சிபுரம்
20-8-1979

அன்புத் தங்கைக்கு,

அம்மா சுகமாக வந்து சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"தில்லை, வரதரைக் கண்ணாரப் பாத்துட்டேன்மா. யாரோ ஒரு புண்ணியவான் கையப் புடிச்சு முன்னாடி உட்டாரு. நம்ம பாப்பா தூங்கற மாதிரியே படுத்துக்கினு இருந்தாரு. என் கொற தீந்துபோச்சு. உன்னால ஒண்ணும் கெட்டுப்போவல. கஷாயத்தை உடாம குடி. ஈரத் தலையோட பாப்பாவக் காத்துல வெக்காத."

அவ்வளவுதான் சொன்னாள்.

மயில்வாகனம்

*

பம்பாய்
28-8-1979

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. அம்மா பார்த்துவிட்டாள் என்று படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவளிடம் நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன் என்று சொல். பாப்பா குப்புற விழுகிறாள் என்றும் சொல்.

தில்லை

*

பம்பாய்
10-12-1979

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வீட்டில் கால் வைத்ததும் அவள் கஷாயம் வைத்த சட்டிதான் கண்ணில் பட்டது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் பக்தியைப் பற்றியே பேசினார்கள். அப்போது அம்சவேணி அக்கா ஒன்று சொன்னாள். பம்பாயிலிருந்து திரும்பிய பிறகு அம்மா கோயிலில் ஒரு நாள்கூடப் பாடவில்லையாம். கூட்டத்தோடு உட்கார்ந்து தாளம் மட்டும் போடுவாளாம். கேட்டால் தொண்டை சரியில்லை என்பாளாம். இங்கே என் வீட்டில் ரயிலேறுகிற நாள் வரைக்கும் பாடினாளே அண்ணா. அவள் தொண்டைக்கு என்ன வந்தது? நீ ஏன் எழுதவில்லை? அங்கே அத்தனை பேர் நடுவில் உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அரக்கோணத்தில் இறங்கியதிலிருந்து நடந்ததை ஒளிக்காமல் எழுது.

தில்லை

*

காஞ்சிபுரம்
18-12-1979

அன்புத் தங்கைக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அம்மா வரதரைப் பார்க்கவில்லை.

காலையில் வரவேண்டிய ரயில் சாயங்காலம்தான் வந்தது. பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். போலீஸ்காரரிடம் கெஞ்சினேன், பலிக்கவில்லை. அம்மா மதிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வா, போலாம்" என்றாள். அழவில்லை.

தெருமுனையிலேயே அம்சவேணி நின்றிருந்தாள். "பாத்தியா லோகாம்பா?" என்று கேட்டாள். "பாத்தேன்டி" என்றாள் அம்மா. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். உள்ளே போனதும் ஏம்மா என்று கேட்டேன். "இல்லன்னா ஏன்னு கேப்பாங்க. பொண்ணு உடலன்னு சொல்லணும். புள்ள பெத்தவள ஊரு வாயில போட நான் சம்மதிக்கமாட்டேன்" என்றாள். உனக்கும் அப்படியே எழுதச் சொன்னாள்.

மறுநாள் கச்சபேசுவரர் கோயிலில் பாட்டு ஆரம்பித்தபோது அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "பொய் சொன்ன வாயிப்பா. அதால சாமி பாட்டு பாடக்கூடாது." அதற்குப் பிறகு அவள் பாடியதே இல்லை.

இன்னொன்று. கடைசி நாளில் வரதர் நின்ற கோலம். முப்பத்தொன்பதில் தெருவார் சொல்லக் கேட்டது படுத்த கோலம். அதையே இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்து உனக்குச் சொன்னாள். பொய் சொல்லிப் பழகாதவள். தப்பு என்று தெரிந்தும் திருத்த எனக்குக் கை வரவில்லை. அந்தப் பொய்யை எழுதின கை என்னுடையது. ஆடியில் தறியை நிறுத்திவிட்டு நான் வந்திருந்தால் இத்தனையும் இல்லை. அந்தப் புடவையை யார் கட்டினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

மயில்வாகனம்

*

பம்பாய்
27-12-1979

அண்ணா,

எனக்குத் தெரியும்.

இங்கே வந்த தமிழ்ப் பேப்பரில் வரதர் நின்றுகொண்டிருக்கிற படம் போட்டிருந்தார்கள். ஆடி நடுவில் நிற்க வைப்பார்கள் என்று நீயும் ஜூலையில் எழுதியிருந்தாய். படுத்துக்கினு இருந்தாரு என்று படித்தபோதே அம்மா பார்க்கவில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் வயிற்றில் பால் வார்த்தது என்று எழுதினேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயே என்று பயந்தேன். அவள் எனக்காகச் சொன்னதை நானும் வசதியாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாட்டை விட்டது எனக்குத் தெரியாது, சத்தியமாக. "எனக்குத் தெரியும்மா, நீ பாடு" என்று ஒரு கார்டு போட்டிருந்தால் பாடியிருப்பாள். அதற்கப்புறம் மூன்று மாசம் உயிரோடு இருந்தாளே அண்ணா.

பாப்பாவுக்கு லோகாம்பாள் என்று பெயர் வைக்கலாம் என்கிறார் அவர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பாப்பாவானால் பாட்டு இல்லாமல் தூங்கமாட்டேன் என்கிறாள். நம்மையும் தூங்க வைத்த அம்மாவின் தேவாரத்தை நான்தான் பாடிப் பார்க்கிறேன். முதல் அடி வருகிறது. இரண்டாவது அடி எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உனக்கு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த அடியை மட்டும் எழுதி அனுப்பு.

தில்லை