மூக்கைப் பார்த்துப் பிரித்த தோல்கள்

மாதா துணை

தலவாக்கலை,
15.7.1951

அன்புள்ள ஜோர்ஜ் அண்ணன் அவர்களுக்கு,

தங்கை இராசம்மா எழுதுவது. பிள்ளைகளும் நானும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை.

உங்கள் மாப்பிள்ளை ஏன் இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவரால் பேனா பிடிக்க முடியவில்லை, அண்ணா.

சித்திரையில் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு மூன்று பெட்டிகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் துரையின் தம்பி சுட்ட பெரிய கங்காருகளின் தோல்கள், மொத்தம் நாற்பது. துரை சீமைக்குத் திரும்பும் முன் இனம் பிரித்து, அங்கே மிருகங்களின் தோல், எலும்பெல்லாம் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலைக்குக் கொடுக்க வேண்டுமாம். கப்பலில் ஈரம் பட்டு, இனத்தின் பெயர் எழுதிக் கட்டியிருந்த சீட்டெல்லாம் அழிந்துவிட்டது. பங்களா வேலையில் இருக்கும் இவரைத்தான் பிரிக்கச் சொன்னார்.

முதலில் சிவப்பை ஒரு பக்கமும் சாம்பலை ஒரு பக்கமும் அடுக்கினார். "கலர் பாக்க வேணாம், மூக்கு பாரு!" என்று துரை சத்தம் போட்டாராம். செங்கங்காருவில் ஆண்தான் சிவப்பு. பெண் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல். அசல் சாம்பல் கங்காருவுக்கு மூக்குத் துவாரங்களின் நடுவிலும் மயிர் இருக்கும். செங்கங்காருவுக்கு அங்கே கொஞ்சம் மயிரில்லாத இடம் இருக்கும். பாறைகளில் வாழும் இனத்துக்கோ மூக்கு முழுக்கக் கறுத்து மொட்டையாக இருக்கும். சாயங்காலம் வந்து இதையெல்லாம் எனக்குச் சொல்லுவார். அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு தோலையும் முகத்தருகே தூக்கி, மேலிருந்த வெள்ளைத் தூளை வாயால் ஊதி, விரலால் தடவிப் பார்ப்பாராம். துரை மட்டும் கையுறை இல்லாமல் தொடமாட்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

வைகாசியில் வாந்தி தொடங்கியது. பிறகு பாதம் எரிந்து, மரத்துப் போனது. நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்தது. தூளைப் பற்றிக் கேட்ட தோட்டத்து மருந்துக்காரர், பூச்சி அரிக்காமல் இருக்கத் தடவும் பாஷாணம் அது, இனித் தொடாதே என்றார். போக வேண்டாம் என்று நான் இவர் காலைப் பிடித்து அழுதேன்.

"இன்னும் ஏழு தோலுதான் புள்ள. வேலை முடிஞ்சாத்தான் தொரை காயிதம் குடுப்பாரு. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட இன்னும் நாளு அதிகமில்ல. இத்தன வருஷம் இங்கதான் இருந்தோம்னு வேற யாரு எழுதித் தருவா?" என்று சொல்லிவிட்டுப் போனார். முடித்தும் விட்டார். கடைசித் தோலில் துரைக்கே சந்தேகம் வந்து, இவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டாராம்.

துரை கையெழுத்துப் போட்டார். மனுவையும் கொடுத்துவிட்டோம். பெட்டிகள் போன கிழமை ரயிலேறின. நான் பங்களாவுக்குப் போய்த் தூளைப் பற்றிக் கேட்டேன். துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கை கழுவு சொன்னேனே" என்றார். அப்படிச் சொன்னதாக இவருக்கு நினைவில்லை.

இப்போது கைகளும் மரத்துவிட்டன, எழுந்து நிற்க முடியவில்லை. கஞ்சியும் தங்குவதில்லை. வெள்ளிக்கிழமை கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்வதுபோல் ஜெபம் சொல்லி, எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசிவிட்டுப் போனார். மனு இவர் பெயரில்தான் இருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் அது எனக்கும் பிள்ளைகளுக்கும் செல்லுமா என்று இவரிடம் நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம். இவருக்காக ஒரு பூசை வையுங்கள். இனிக் கடிதம் போடும்போது உறையில் இவர் பெயருக்குப் பதிலாக என் பெயரையே எழுதுங்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
இராசம்மா