உழுத வயலின் படம்

தம்பிக்கு,

நேற்று நான் அண்ணனாக வரவில்லை, வெள்ளச் சேதம் பார்க்கும் அரசு ஊழியனாக வந்தேன். அதனால்தான் நீ போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார்.

அழுகிய பயிரைப் படமெடுத்து அனுப்பினால்தான் நிவாரணம் கிடைக்கும். நீயோ எல்லாவற்றையும் மடக்கி உழுது, வரப்பைச் செதுக்கி, வயலைப் புதுமாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாய். வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னது என் தப்பு.

"ஏன்டா உழுதே?"

"நாலு வருஷம் கழிச்சு வர்றீங்கண்ணே. நாறிக் கிடக்குற வயலையா காட்டுறது?"

மேலதிகாரி சிரித்தார். "பளிச்சுனு இருக்கே, இதுல சேதம் எங்கய்யா?" இடுப்பளவு தண்ணீர் பத்து நாள் நின்றது என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

நிவாரணம் வராது, இனி விதைக்கு என்ன செய்வாயோ. உன் மனைவிக்குப் புரிந்துவிட்டது. நான் கிளம்பும்போது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உனக்குத்தான் புரியவில்லை.

விவசாயி வயலில் நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்று உன்னை நிற்கச் சொன்னேன். அண்ணன் எடுக்கிறான் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றாய். சேதம் இல்லை என்பதற்கு அந்தப் படத்தைத்தான் இணைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்