கதவைத் திறந்தது நீங்கள்

அக்கா,

காலையில் தாமுவே சந்தையில் மொன்ஞின் என்கிற கடுகுக்கீரை வாங்கிவந்து உருளைக்கிழங்கோடு கொதிக்கவிட்டேன். உங்கள் ஊர் சூப்பின் வாசனை அப்படியே எழுந்தது. கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை.

தின்கன்ஜூனில் அடுத்தடுத்த வீடு நமக்கு. உங்கள் ஊர் விகோ துறைமுகத்தில் பார்த்த பர்மியக் கப்பல்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே பர்மாவுக்கு வந்தவர் நீங்கள். அவர் இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. யாராவது 'ஸ்பெயின்காரம்மா' என்றால் போதும், மூக்கு சிவந்துவிடும். "நான் கலீசியாக்காரி! ஸ்பெயினுக்குள்ளயே இருந்தாலும் எங்க பாஷை வேற, அதைப் பேசினதுக்குப் பள்ளிக்கூடத்துல அடி வாங்கினவ" என்பீர்கள், பாதி பர்மியமும் பாதி என்னிடம் கற்ற தமிழுமாக.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். மூன்று கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் அர்ஜென்டினாவுக்கும் கியூபாவுக்கும் பிழைக்கப்போன ஆண்களுக்காக, அவர்கள் உயிரோடிருக்கும்போதே பெண்கள் கறுப்புத் துணி உடுத்துவார்களாம்.

"எங்கம்மா அப்படித்தான் காத்துக் காத்தே செத்தா. நீ அந்த ஆள் பேரை வார்டு ஆபீஸ் குடும்பப் பட்டியல்லேர்ந்து அடிச்சிடு" என்றீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. நீங்களாகத்தான் சூப்புச் சட்டியோடு வந்து சமாதானம் செய்தீர்கள்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"பொய் சொன்னேன், தங்கச்சி. அம்மா காத்திருக்கல. அப்பா கப்பலேறின எட்டாம் வருஷம் ஒரு கொத்தனாரோட பக்கத்து ஊருக்குப் போயிட்டா. ஒன்பதாம் வருஷம் அப்பா பெட்டியோட வந்து நின்னார். கதவைத் திறந்தது நான். அம்மா செத்துட்டான்னு சொன்னேன்."

"அய்யோ, அப்புறம்?"

"வாசல்லயே நின்னு அழுதார். அடுத்த கப்பல்ல திரும்பிப் போயிட்டார். அம்மாவக் காப்பாத்தத்தான் சொன்னேன். எனக்கு அப்பா இல்லாமப் போயிட்டார்."

நீங்கள் போன பிறகு, உங்கள் பெயரை அடிக்க வார்டு ஆபீசுக்கு நான்தான் என் மகளோடு போனேன். கோடு போட்ட எழுத்தர் எங்கள் பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். "இந்த ஆள் எங்கே? அடிச்சிடவா?" என்றார். மகள் என் முகத்தையே பார்த்தாள். "இருக்கட்டும்" என்றேன்.

நான் காத்திருக்கவில்லை, அக்கா. அலுத்துப்போய்விட்டது. அவர் வந்தால் சேர்த்துக்கொள்வேனா என்றுகூடத் தெரியாது. ஆனால் பேரை அடித்தபின் ஒருநாள் அவர் வந்து நின்றால், கதவைத் திறக்கிற என் மகள் உங்களைப் போல அவரிடம் பொய் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.