உரிமம் எழுதாமல் போன மச்சானுக்கு

அன்புள்ள பாலு மச்சான்,

நீ எழுதிய ரத்தக்கொடையாளர் மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடலூரில் நான் வேலை பார்க்கும் ரத்த வங்கியில் காலையில் கணினியைத் திறந்ததும் அதுதான் முதலில் வருகிறது. தங்கை புருஷன் ஆயிற்றே என்று அப்போது விழுங்கிய குறைகளை இப்போது சொல்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

ஊர்ப் பெயர்களை ஏன் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தாய்? கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், அவ்வளவுதான் பட்டியல். போன மாதம் சேத்தியாத்தோப்பில் ஒரு பிரசவம். ரத்தம் கொடுக்கக்கூடியவர் அதே ஊரில் இருந்தார். உன் மென்பொருள் அவரைச் சிதம்பரத்துக்காரர் என்றது. ஒவ்வொருவராகப் போன் போட்டு அவரைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. தாயும் பிள்ளையும் நலம், கவலைப்படாதே.

பண்ருட்டியில் வீட்டிலிருந்தே மென்பொருள் கம்பெனி வேலை செய்யும் நான்சியிடம் இதைச் சரிசெய்யச் சொன்னேன். உடனே சம்மதித்தவள் மறுநாள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இதுல லைசென்ஸே போடலியே. நெட்ல போட்டிருக்காரு, எல்லாரும் பாக்கலாம், ஆனா எடுத்து மாத்தலாம்னு அவரு எழுதிக் குடுக்கல. நான் தொட்டா தப்பாயிடும்.”

முன்பே உன்னிடம் இதைக் கேட்டிருக்கிறேன். “நம்ம ஜனத்துக்குள்ள எதுக்கு மச்சான் பத்திரம்? வேணும்ங்கறவங்க எடுத்துக்கட்டும்” என்று சிரித்தாய். உங்கள் வீட்டில் நிலம் பிரித்ததே வாய்ச்சொல்லில்தான். உன் அப்பா வரப்பைக் கைகாட்டினார், பாகம் முடிந்தது. அந்தப் பழக்கத்தை இணையத்துக்கும் கொண்டுபோய்விட்டாய். எல்லோருக்கும் கொடுத்ததாக நினைத்து, யாருக்குமே கொடுக்காமல் போய்விட்டாயே. எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது.

இப்போது அந்த உரிமை உன் ஒரே வாரிசான என் தங்கை செல்வியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் அவளிடம் இரண்டு வழிகளைச் சொன்னேன். ஒன்று, யாரும் எடுத்து எப்படியும் பயன்படுத்தலாம். மற்றது, மாற்றி வெளியிடுகிறவர்கள் அந்த மாற்றத்தையும் எல்லோருக்கும் திறந்து தர வேண்டும். முதலாவதுதான் உன் குணத்துக்கு ஒத்துவரும் என்றும் சொன்னேன். அவள் உன் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவதையே போடுண்ணா. அவருக்குக் குடுக்கத்தான் தெரியும், கேக்கத் தெரியாது. ஒடம்பு முடியாதப்பகூட யாரையும் ஒத்தாசைக்குக் கேக்கல. அவருக்காக நான் கேக்குறேன்.”

இரண்டாவது உரிமத்தையே எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான்சி வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அவ்வளவு முடியாமல் இருந்தபோது ஏன் மச்சான் எனக்கு ஒரு போன் போடவில்லை? கடலூர் என்ன கண்காணாத தேசமா?

உன் மென்பொருளைத் தனியாள் தலையில் இனி விடமாட்டேன். வருகிற ஒவ்வொரு திருத்தத்தையும் நான்சியோடு உட்கார்ந்து பார்ப்பேன், புரியாததை வெட்கப்படாமல் கேட்பேன். செல்வியிடமும், அவள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானே போய் என்ன வேண்டும் என்று கேட்பேன்.

கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருக்கக்கூடிய
உன் மச்சான்,
குமார்