இடப் பக்கத்துக்கு எண்ணெய் இல்லை

வெள்ளவத்தை, 14 பெப்ரவரி 1938, திங்கள்

தொற்று அல்ல. பொரளையில் டொக்டர் ஹியூபேட் இன்று காலை என் மகள் ஜெகதியின் தலையைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சொன்னது இது. ஓரத்திலிருந்து இரண்டு முடியைப் பிடுங்கி நுணுக்குக்காட்டியிலும் வைத்துப் பார்த்தார். படை இல்லை, பூச்சி இல்லை. புழுவெட்டுத்தான், புழு பெயரில் மட்டும். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

முடி கொட்டிய இடம் வலக் காதுக்கு மேலே ஒன்று, இடப் பக்கம் சற்றுப் பின்னால் ஒன்று. இரண்டும் வெள்ளி ரூபாய் அளவு. சங்கின் உட்புறம் போல வழுவழுப்பு. தலை வாரிவிடும்போது அவள் தாய் அன்னம்தான் முதலில் கண்டாள். போன கிழமை கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் ஒரு மாணவியின் தாய் கண்டு தலைமையாசிரியையிடம் முறையிட்டிருக்கிறாள். "டொக்டரின் கடிதத்தோடு வாருங்கள்" என்று ஜெகதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வேலை நிரந்தரமா இல்லையா என்பதை முகாமைச் சபை ஓகஸ்டில் தீர்மானிக்கும்.

டொக்டரிடம் நான் கேட்டவற்றையும் தொழில் பழக்கத்தில் குறித்து வைக்கிறேன். மருந்து உண்டா? அயடீன் பூசலாம், காரமான பூச்சுகள் உண்டு, ஊதாக்கதிர் விளக்கும் வந்திருக்கிறது. பலிக்குமா? சிலருக்கு. ஒன்றும் செய்யாவிட்டால்? பலருக்குத் தானாகவே வளரும், சிலருக்கு வளராது. யாருக்கு வளரும்? அது தெரியாது. என் தலையையும் ஒரு முறை பார்த்தார். அது வேறு சாதி வழுக்கை, தகப்பனிடமிருந்து வந்தது, அதற்கு மருந்தில்லை என்றார். நான் கேட்கவில்லை.

முப்பது வருஷமாகப் பத்திரிகை நிருபர். "தெரியாது" என்று சொன்ன பெரிய மனிதரை நான் அதிகம் சந்தித்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அன்னத்துக்குப் பிடிக்கவில்லை. "தெரியாது எண்டு சொல்லுறதுக்கு ஒரு டொக்டர் வேணுமே? அதை நானே சொல்லியிருப்பன்."

16 பெப்ரவரி, புதன்

ஜெகதி பாடசாலைக்குத் திரும்பினாள். கடிதத்தைத் தலைமையாசிரியை ஏற்றுக்கொண்டார். ஆனால் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வரலாமே என்றாராம். இவள் சொன்ன பதில்: "மூடினால் தொற்றெண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி, மிஸ்."

பிறகு எட்டாம் வகுப்புக்குள் போய், பின்னலை ஒதுக்கி இரண்டு இடத்தையும் காட்டியிருக்கிறாள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றிருக்கிறாள். பிறகு ஒரு பிள்ளை, "டீச்சர், நோகுமா?"

"இல்லை."

"திரும்ப முளைக்குமா?"

"தெரியாது."

சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பெரிய பெரிய மேடைகளைப் பார்த்து எழுதியவன் நான். இன்று அந்த வகுப்பின் பின் வரிசையில் ஓர் இடம் கிடைத்திருக்கக் கூடாதா?

20 பெப்ரவரி, ஞாயிறு

வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மருந்து இருக்கிறது. சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குன்றிமணியை அரைத்துப் பூசு என்கிறாள் மச்சாள். கையாந்தகரை எண்ணெய், கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன். யோசித்தால் முடி கொட்டும், யோசிக்காதே என்கிறார் இன்னொருவர். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

மாலையில் பௌஸி வந்தார். கொட்டாஞ்சேனையில் எண்ணெய்க் கடை. அவருடைய நீலகேசத் தைலத்தின் விளம்பரம் எங்கள் பத்திரிகையில் கிழமைக்கு இரண்டு முறை வருகிறது. இரண்டு போத்தல் கொண்டுவந்திருந்தார். அன்னம்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"ஐயா, இந்த எண்ணெய வெறும் பாறையில பூசுங்க, புல்லு மொளைக்கும்."

ஜெகதி அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பாள். கேட்டாள்: "அப்ப உங்கட தலைக்குப் பூசினனீங்களோ, நானா?"

பௌஸி தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். "தொப்பிக்குக் கீழ உள்ளது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம் புள்ள."

இவள் கடைசியில் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. வலப் பக்கத்துக்கு மட்டும் எண்ணெய். இடப் பக்கம் சும்மா இருக்கும். முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் உண்மையைத் தன் கையால் எழுதித் தருவாள்.

"பாதித் தலைக்கு வைத்தியமா? இது எந்த ஊரு வழக்கம்?" என்றார் பௌஸி. பிறகு, "சரி, வாக்கு வாக்குத்தான்" என்று எழுந்தார்.

இரண்டு இடத்தில் விசாரிக்காமல் செய்தி எழுதாதே என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்வேன். ஒரே தலையில் இரண்டு இடத்தை விசாரிக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்கு இருபத்துமூன்று வயது.

6 மார்ச், ஞாயிறு

வலம்: ஒன்றுமில்லை. இடம்: ஒன்றுமில்லை.

27 மார்ச், ஞாயிறு

ஜெகதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தம் பேச்சோடு நின்றுவிட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் ஜெகதி பாயில் நித்திரை. தாய் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஞாயிறுகளில் இது வழக்கமாகிவிட்டது. எழுப்பக் கூடாது என்று நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

24 ஏப்ரல், ஞாயிறு

வளர்கிறது! வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது: வெள்ளையாக, பீச்சம்பழத்து மேல்தோல் போல. வலத்திலும் இருக்கிறது. இடத்திலும் இருக்கிறது. என் கண் பழசு என்று அன்னத்தைக் கூப்பிட்டேன். அவளும் உறுதிப்படுத்தினாள். இரண்டு சாட்சி.

15 மே, ஞாயிறு

கறுத்துவிட்டது, இரண்டு பக்கமும் ஒரே அளவாக. டொக்டர் ஹியூபேட் நேற்றுப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

ஜெகதி வாக்குப்படி எழுதிக் கொடுத்தாள்: "எண்ணெய் பூசிய வலப் பக்கத்தில் முடி முளைத்தது. பூசாத இடப் பக்கத்திலும் முளைத்தது." பௌஸி முதல் வசனத்தை மட்டும் விளம்பரத்தில் போடக் கேட்டார். முடியாது என்றேன். "முழுசும் போட்டா எவன் ஐயா வாங்குவான்?" என்று மனக்குறையோடு போனார்.

ஆனால் எங்கள் ஆசிரியர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அவளையே ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். தலைப்பு "புழுவெட்டும் தைலமும்". நான் ஒரு சொல்லையும் தொடவில்லை, தொட இடமில்லை. தலைமையாசிரியைக்கும் மகிழ்ச்சி. இன்னும் முணுமுணுக்கும் தாய்மாரிடம் "ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். ஓகஸ்ட் சபைக்கு முன் இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

அவள் பெயர் அச்சில் வரப்போகிறது. முழுப் பெயர். செல்வி ஜெகதீஸ்வரி வரதராசா.

21 மே, சனி

என்னத்தை எழுதுறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்குக் கட்டுரையின் அச்சுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து உரத்து வாசித்தேன். அன்னம் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, இடப் பக்கத்துக்கு எண்ணெய் பூசேல்லை எண்டு எழுதியிருக்கோ?"

"ஓம் அம்மா."

"அப்பிடி எழுதாதை."

"ஏன்?"

"நான் பூசினனான்."

ஞாயிறு மத்தியானங்களில். இவள் வலப் பக்கம் சரிந்து படுப்பவள்; இடப் பக்கம் மேலே இருக்கும். ஒரு கையால் விசிறி, மறு கையால் எண்ணெய். நித்திரையில் தெரியவில்லை. வாசனை காட்டிக் கொடுத்திருக்காதா? வலத்தில் அதே எண்ணெய்தான். தலை முழுக்க அதே வாசனை. நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன நிருபர்!

"என்னை ஏசாதேங்கோ," என்றாள் அன்னம். "வலப் பக்கத்துக்கு எல்லாம் செய்து, இடப் பக்கத்தைத் தாயில்லாப் பிள்ளை மாதிரி விட்டிட்டாள். என்ர கண்ணுக்கு நேரை கிடக்குது. பாத்துக்கொண்டு சும்மா விசிறச் சொல்லுறியளோ? ஆனா அவள் பேர் போட்டுப் பொய் போகக்கூடாது."

எனக்கு ஏசவும் வரேல்லை, சிரிக்கவும் வரேல்லை. ஜெகதி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது: "எந்தத் திகதியில இருந்து, அம்மா?" நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி.

"தொடங்கி ரெண்டாம் ஞாயிறிலை இருந்து."

அவள் எழும்பிச் சேலை மாற்றினாள். இருவரும் ரயிலேறிக் கோட்டையில் எங்கள் பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போனோம். ஈய எழுத்துகளைச் சட்டத்தில் பூட்டி, பக்கம் அச்சுக்குத் தயாராகிவிட்டது. ஆசிரியர் கேட்டார்: "தாய் பூசினது இந்த உலகத்திலை ஆருக்குத் தெரியும், தங்கச்சி? விடுங்கோ."

"எனக்குத் தெரியும், சேர்."

"ரெண்டு வரியை மாத்தினால் காணாதோ?"

"ரெண்டு பக்கமும் எண்ணெய், முடிவே இல்லாமல் போச்சுது. வரியை மாத்தி என்ன செய்யிறது?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதில் அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பக்கத்தைத் திறந்து கட்டுரையை எடுத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப அதே அளவில் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று: நீலகேசத் தைலத்தின் விளம்பரம்.

திரும்பும்போது ரயிலில் அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் மகளோடு ஒரே பெட்டியில் இருக்கிறேன் என்று முன்னால் இருந்தவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

24 மே, செவ்வாய்

தலைமையாசிரியையிடம் நேற்று அவளே போய்ச் சொன்னாள். "அப்போது அந்தத் தாய்மாருக்கு நான் எதைக் காட்டுவது?" என்று கேட்டாராம். தொற்றுப் பற்றி டொக்டரின் கடிதம் இருக்கிறது, எண்ணெய் பற்றி இப்போது தன்னிடம் ஒன்றும் இல்லை என்றிருக்கிறாள். தலைமையாசிரியை என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

பௌஸிக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. வாசலிலிருந்தே சத்தம். "ரெண்டு பக்கமும் என்ட எண்ணெய்! நான் அப்பவே சொன்னேனா இல்லியா? எழுதித் தாங்க புள்ள!"

"தாறன், நானா. 'எண்ணெயால் முளைத்ததா, தானாக முளைத்ததா என்று தெரியாது.' போடுவியளோ?"

"இது விளம்பரமா, பொலிஸ் ரிப்போட்டா?" என்றார். இருந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

12 ஜூன், ஞாயிறு

முடி கொட்டிய மூன்றாவது இடம். உச்சிக்குச் சற்றுப் பின்னால். முந்தியவற்றைவிடப் பெரியது.

13 ஜூன், திங்கள்

டொக்டர் ஹியூபேட்: திரும்பத் திரும்ப வருபவர்களும் உண்டு, தலை முழுவதும் போனவர்களும் உண்டு, இவளுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது. மருந்து வேண்டுமென்றால் பூச்சுத் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெகதி அழுதாள். பெப்ரவரியிலிருந்து இதுதான் முதல் தடவை. அறைக் கதவைச் சாத்தவுமில்லை. நான் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதை நான் தொடமாட்டன். ஒருத்தரும் தொடக்கூடாது. அம்மா, உங்களுக்குத்தான் சொல்லுறன்."

அன்னம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். கையில் ஒன்றுமில்லை.

"வளராட்டி?"

"வளராட்டி, வளரேல்லை எண்டு எழுதுவன்."

"ஒரு சொட்டுப் பூசினால் என்ன குறைஞ்சா போகும்?"

"பூசினால் பிறகு ஒரு நாளும் தெரியாது, அம்மா."

அன்னம் "உன்ர அப்பான்ர பிள்ளை" என்றாள். திட்டத்தான் சொன்னாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

3 ஜூலை, ஞாயிறு

மத்தியானம் அன்னம் இடக் கையால் விசிறினாள், வலக் கையைத் தொடைக்குக் கீழே அடக்கிக்கொண்டு. நான் பார்த்ததைக் கண்டு, "என்ன பார்வை?" என்றாள்.

22 ஜூலை, வெள்ளி

ஜெகதி சொன்னது, அவள் கூட்டிச் சொல்பவள் அல்ல.

வெள்ளிக்கிழமைகளில் எட்டாம் வகுப்பு அவள் தலையில் அந்த மூன்றாவது இடத்தை அளக்கிறது. பிள்ளைகளே கேட்டார்களாம். அவள் கதிரையில் இருந்து தலையைக் குனிகிறாள். ஒரு பிள்ளை கவராயத்தை விரித்துப் பிடிக்கிறாள், ஒரு பிள்ளை அடிமட்டத்தின் கோடுகளில் வைத்து வாசிக்கிறாள், மற்றவர்கள் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கிறார்கள். இன்று வாசித்த பிள்ளை, முதலில் முறையிட்ட தாயின் மகள். தாய்க்குத் தெரியுமா என்று ஜெகதி கேட்டாளாம். "அம்மாதான் டீச்சர், போன கிழமை அளவு என்னெண்டு கேட்டவ."

நடுவில் தலைமையாசிரியை கதவடியில் வந்து நின்றிருக்கிறார். பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜெகதிக்குக் குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை. கவராயத்தின் முனை தோலில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த யன்னலையும் திறந்துவிடுங்கோ, வெளிச்சம் காணாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தெரியாமல் இருப்பவை: முகாமைச் சபை ஓகஸ்ட் 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை கூடுகிறது. தலைமையாசிரியை என்ன சிபாரிசு அனுப்பினார் என்பது அன்றுதான் வெளிவரும். மூன்றாவது இடத்தில் இன்றுவரை முடி இல்லை. யாரும் தொடவும் இல்லை. இதற்கு இரண்டு சாட்சி உண்டு, ஒன்று அன்னம். வளருமா என்பது ஒக்டோபர் முடிவுக்குள் தெரியும் என்கிறார் டொக்டர் ஹியூபேட். அதுவரை எழுத ஒன்றுமில்லை.