ஃபுல் சார்ஜ்

செவ்வாய் ராத்திரி.

முழங்கை எரியுது, தூக்கம் வரல.

காலைல ஒரகடம் ஷிஃப்ட் பஸ் பிடிக்க, மலை மேல இருக்குற எங்க வூட்லேர்ந்து பேட்டரில ஓடுற ஒத்தைச் சக்கர வண்டில இறங்கினேன். பாதிச் சரிவுல வண்டி பீப் பீப்னு கத்திச்சு. கால் வைக்கிற கட்டை முன்பக்கம் தூக்கிச்சு. குதிச்சேன், வுழுந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். இறக்கத்துல பிரேக் பிடிச்சா கரண்ட் பேட்டரிக்கே திரும்பும். பேட்டரி நிறைஞ்சிருந்தா அதுக்குப் போக இடமில்ல, பிரேக் பிடிக்காது. அதான் எப்பவும் முக்கால் சார்ஜோட நிறுத்திடுவேன். போன வாரம் ஏத்தத்துல சார்ஜ் தீர்ந்து வண்டியைத் தள்ளிகினு வந்ததை என் பொண்டாட்டி மரியா பார்த்துட்டா. நேத்து நான் தூங்கினப்புறம் மறுபடி சொருகி ஃபுல்லாக்கியிருக்கா.

மருந்து போடும்போது, "ஃபுல் சார்ஜ் போட்டு வச்சேனே, அப்பவும் எப்டி வுழுந்தீங்க?"ன்னா.

கல்லு தடுக்கிச்சுன்னு சொல்லிட்டேன். பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இல்லாமலா போச்சு? அவ மனசு நோவுமேன்னுதான்.

இன்னிக்கும் சொருகி வச்சிருந்தா. இப்பதான் எழுந்து போய் மெதுவா பிடுங்கினேன்.

இருட்டுல அவ குரல். "ஃபுல்லாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நாளைக்கும் நானே போட்டு வுடறேன். நீங்க பாதிலயே எடுத்துடறீங்க."