கஸ்தூரியக்கா விடாத மூச்சு

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட இரவு.

இன்று சளி உறிஞ்சும் குழாயைக் கஸ்தூரியக்கா கையில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவருக்குத் தொண்டையில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அதில் சளி அடைத்தால் இனி அக்காதான் எடுக்க வேண்டும். நர்ஸுக்குப் படித்த எனக்கே இது பழக ஒரு வருடம் ஆனது.

போன வாரம் சொல்லிக்கொடுத்திருந்தேன். "குழாய வுடும்போது நீங்களும் மூச்சப் புடிச்சிக்கோங்க. உங்களுக்கு முட்டுனா அவருக்கும் முட்டும். உடனே எடுத்துடுங்க."

இன்று என் எதிரில் செய்தார். தறியில் அறுந்த பட்டிழையை முறுக்கிச் சேர்க்கிற கை, பதறவே இல்லை. சளி வந்தது, குழாயை எடுத்தார். மூச்சை மட்டும் விடவில்லை. முகம் சிவந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு இருமல் அடங்கி மார்பு ஏறி இறங்கிய பிறகே விட்டார்.

"குழாய எடுத்ததும் வுட்டுடணும்க்கா! நீங்க மயங்கி வுழுந்தா அவர யாரு பாக்கறது?" என்று கத்திவிட்டேன்.

"அவரையே பாத்துகினு இருந்தேன் சிஸ்டர். அவரு வுடாம நான் எப்டி வுடறது?"

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. குழாய் வெளியே வந்ததும், பேச முடியாத அண்ணன் இருமிக்கொண்டே அக்காவின் மணிக்கட்டை இரண்டு தட்டு தட்டினார். அக்கா மூச்சு விட்டார்.

நான் இதைச் சொல்லித்தரவில்லை.

இந்நேரம் படுக்கப்போகுமுன் அக்கா ஒருமுறை சளி எடுத்திருப்பார். போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடிக்கவில்லை.

அண்ணன் தட்டியிருப்பார்.